ஜனக்புரியில் தண்ணீர் எழும்பியது

ஜனக்புரி, டெல்லி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பூங்கோதைக்கு,

உன் மாமியார் பட்டு எழுதுவது. நீயும் கௌஷிக்கும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் மாமனார் காதில் விழும், அதனால்தான் கடிதம். உன் புருஷன் டெல்லியில் வளர்ந்தவன், தமிழ் எழுத்தைக் கண்டாலே ஓடுவான். பக்கத்தில் உட்காரவைத்து நீயே உரக்கப் படித்துக் காட்டு.

தண்ணீர் வந்துவிட்டது, பூங்கோதை! எங்கள் மார்க்கெட் முனை நீரூற்று நேற்று சாயங்காலம் ஓடியது. மாடி உயரத்துக்கு எழும்பியது. சமோசாக் கடைக்காரர் கையில் கரண்டியோடு ஓடி வந்தார். ஸ்கூட்டரில் போனவர்கள் இறங்கி நின்று நனைந்தார்கள். நான் கை தட்டிய தட்டலில் வளையல் ஒன்று உடைந்தே போயிற்று.

ஏஷியாட் விளையாட்டுக் காலத்தில் கட்டியது அது. கௌஷிக் கைக்குழந்தையாக இருந்தபோது சிவப்பும் பச்சையுமாக விளக்கு மாறும், அதைக் காட்டித்தான் சோறு ஊட்டுவேன். எப்போது நின்றதென்று யாருக்கும் ஞாபகமில்லை. தொட்டி முழுக்கக் குப்பை, உடைந்த சாமி படங்கள். போன வருஷம் அதை இடித்து பார்க்கிங் போடப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் உன் மாமனாருக்கு வந்ததே கோபம்! பாங்கில் ரிட்டயரான மனிதர், வீட்டில் ஒழுகும் குழாயை இன்றுவரை திரும்பிப் பார்த்ததில்லை. அவர் கார்ப்பரேஷன் ஆபீசுக்கே போய், பராமரிப்பை எங்கள் குடியிருப்போர் சங்கமே ஏற்கும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

தண்ணீர் பீய்ச்சும் மூக்குகள் எல்லாம் பித்தளை. உப்புத் தண்ணீர் உள்ளே வெள்ளையாகக் கட்டி அடைத்திருந்தது. ஒரு மூட்டையாகக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டி, புளியில் ஊறப்போடு என்றார். இதென்ன குத்துவிளக்கா என்று சண்டை பிடித்துவிட்டுத்தான் ஊறப்போட்டேன். வீடு முழுக்க பக்கெட்டும் புளி வாசனையும்தான். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண் எட்டிப் பார்த்து, ஆண்ட்டிஜி, இத்தனை சாம்பார் யாருக்கு என்கிறாள். ஆனால் பார், மூக்குகள் பளபளவென்று வந்துவிட்டன.

சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். மோட்டார் முனகியது, கருகல் வாசனை வந்தது, நின்றுவிட்டது. மெக்கானிக்குகளுக்குப் பிடிபடவில்லை. பார்க்க வந்திருந்த கார்ப்பரேஷன் அதிகாரி, மாதக் கடைசி ஞாயிறு மறுபடி வருகிறேன், அன்றும் நின்றால் இடிப்புதான் என்றார். அப்போது உன் மாமனார் எல்லார் முன்னாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: மேரா பேட்டா பம்ப் இன்ஜினியர் ஹை, என் பையன் பம்ப் இன்ஜினியராக்கும், கோயம்புத்தூரிலிருந்து அவனே வந்து சரிபண்ணுவான் என்று.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பம்ப் கம்பெனிக்குப் போகவா உன்னைப் படிக்கவைத்தேன் என்று கத்தினவர் வாயிலிருந்து இது! அதற்கப்புறம் அவன் பெயரையே எடுக்காதவர், உங்கள் கல்யாணத்துக்கும் வராதவர். அந்த வருத்தம் உனக்கும் இருக்கும், எனக்குத் தெரியாதா.

ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாரே தவிர, அவனைக் கூப்பிட வாய் வரவில்லை. நேற்றிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறார். அந்த ஞாயிறு உன் புருஷன் வராவிட்டால் நீரூற்று மட்டுமா போகும்? இந்த மனிதர் அப்புறம் மார்க்கெட் பக்கம் தலை காட்டமாட்டார். உங்களிடமும் இனி ஒருநாளும் பேசமாட்டார்.

பூங்கோதை, நீயும் கூட வா. உனக்குப் புடவை எடுத்து வைத்திருக்கிறேன். இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும்.

கௌஷிக், கேட்டுக்கொண்டிருக்கிறாயா? அப்பா மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருக்காதே, அவருக்கு அது வராது. உன்னை வீட்டுக்கு வா என்று நான் கூப்பிடவில்லையடா. மோட்டாரைப் பார்க்க வா. வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

இப்படிக்கு,
அம்மா