சந்தையில் ஒலித்த தமுக்கு

போடிநாயக்கனூர்,
12-3-1954

சௌபாக்கியவதிக்கு,

நலம். என் உத்தியோகம் போய்விட்டதாக அங்கே தேவாரம் ஊர்வரை வந்திருக்கும் செய்தியில் பாதியே உண்மை.

மலைச்சரிவிலுள்ள நாற்பது குடிசைகளை அகற்றும் உத்தரவு, 'இரகசியம்' என்ற முத்திரையோடு என் மேசைக்கு வந்தது. ஆட்சேபிக்க வெள்ளிக்கிழமையே கடைசி நாள். குடியிருப்போருக்கு ஒன்றும் தெரியாது. தமுக்கடித்து அறிவித்தாயிற்று என்று நான் சான்றளிக்க வேண்டும். என் அதிகாரி சொற்படி, தமுக்கடிக்கும் காசிமாயன் அதை ஆளில்லாத காட்டில் அடித்துவிட்டு வந்திருந்தான்.

"யாருப்பா கேட்டது?"

"ஒரு யானை கேட்டுச்சுங்கய்யா. ஆட்சேபனை ஒண்ணும் சொல்லல."

இரகசியம் காப்பது என் கடமையே. ஆயினும், அறிவிக்கும்படி சட்டமே சொன்னதை மறைப்பது இரகசியமாகாது என்பது என் தாழ்மையான கருத்து. மறுநாள், மலைச்சனம் அரிசி வாங்க இறங்கும் சந்தையில் தமுக்கு மீண்டும் ஒலித்தது. காசிமாயனுக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவர் யாரென்று அதிகாரி விசாரித்துவருகிறார்.

இன்று, வெள்ளிக்கிழமை, நாற்பது மனுக்களும் வந்து சேர்ந்தன. முத்துப்பேச்சி என்ற பெண் தன் மனுவை நீட்டி, "வெரசா சீல் போடுங்கய்யா, பஸ்சு போயிரும்!" என்று அதட்டினாள். வெரசாகவே போட்டேன்.

நாளை அதிகாரி என்னையும் கேட்பார். பதிலை எழுதி வைத்துவிட்டேன்: 'நான்தான்.' திருத்தமே தேவைப்படாமல் நான் எழுதிய முதல் வாசகம் அது.

இன்னமும் தன்னை எச்சரிக்கையானவன் என்றே நம்பும்,
உன் கணவன்