ஒற்றைக் கையால் நீ எழுதிய டேக்குகள்

இன்று காலை ஆபீஸில் ஃபைபர் கேபிளின் நுனியைத் துடைக்க, ஸ்பிரிட்டில் நனைத்த காகிதம் இருந்த உறையைப் பிரித்தேன். வாசம் மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. உன் இடது கையில் ஊசி குத்துவதற்கு முன் நர்ஸ் துடைப்பாரே, அதே வாசம். பஞ்சு பட்டதும் நீ முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு, "நேத்து எதெது ஃபெயிலு?" என்று கேட்பாய். கேபிளை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

நாம் இருவரும் மதுரையில் அந்தச் சின்னக் கம்பெனியில் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். ரவுட்டர்களைச் சோதிக்கிற வேலை. வீட்டுக்கும் கடைக்கும் இன்டர்நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிற சாஃப்ட்வேரை அதைச் செய்கிறவர்கள் மாற்றும்போதெல்லாம், பழையது ஏதும் கெட்டுவிடவில்லையே என்று நாம் பார்த்துச் சொல்ல வேண்டும். நீ நரிக்குடிப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து அருப்புக்கோட்டையில் இறங்கி, மதுரை பஸ்ஸில் எனக்கும் சேர்த்து இடம் போட்டு வைத்திருப்பாய். எங்கள் வீட்டுத் தெலுங்கில் வசவுகளை மட்டும் அக்கறையாகக் கற்றுக்கொண்டு, சில்லறைக்குச் சண்டை போடும் கண்டக்டரை வாய்க்குள்ளேயே திட்டுவாய்.

பிறகு உன் கால் வீங்கியது. பெரிய செருப்பு வாங்கினாய். முகமும் வீங்கிய பிறகுதான் டாக்டரிடம் போனாய். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார்கள். அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் திருச்சுழி தாண்டி, இருபுறமும் சீமைக்கருவேலம் காய்ந்து நிற்கும் சாலையில் வந்து இறங்கும் நீ, பாட்டில் மூடியில் கொஞ்சம் ஊற்றி உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வாய். நீ பார்க்கும்படி நான் தண்ணீர் குடிப்பதை விட்டேன். அதைக் கண்டுபிடித்து என்னைத் திட்டினாய், தெலுங்கில்.

நம் சோதனைகளை எல்லாம் கம்ப்யூட்டரே ஓட்டும். ஆனால் மொத்தமும் ஓடி முடிய ராத்திரி முழுக்கப் போதாது, மறுநாள் மத்தியானமும் ஆகும். பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள உன்னால் முடியவில்லை. அப்போதுதான் ஒவ்வொரு சோதனைக்கும் அடையாளப் பெயராக டேக் போட ஆரம்பித்தாய். வைஃபையைச் சோதிப்பதற்கு ஒரு பெயர், பெட்டி அணைந்து எழுவதற்கு ஒரு பெயர், மெதுவாக ஓடுவதற்கு ஒரு பெயர். சாஃப்ட்வேரில் வைஃபையை மட்டும் மாற்றியிருந்தால் வைஃபை டேக் உள்ளதை மட்டும் எடு, மெதுவானதை விடு என்று கம்ப்யூட்டரிடம் சொன்னால் போதும். எனக்கு முதலில் பிடிபடவில்லை. "மேய்ச்சல்ல எல்லா வீட்டு ஆடும் கலந்துதான் நிக்கும். அதும் மேல பூசுன சாயத்தப் பாத்துத்தான பிரிப்பாக, அதுதான்டி இது" என்றாய்.

ஊசி ஏறிய இடது கையை அசைக்கக் கூடாது. மடிக்கணினியை வயிற்றுக்கு மேல் சாய்த்து, வலது கையால் மட்டும் தட்டித் தட்டி, நூற்றுக்கணக்கான சோதனைகளுக்கும் நீ பெயர் வைத்தாய். உன் ரத்தம் சுத்தமாகி முடிவதற்குள் சோதனையும் முடிந்துவிட வேண்டும் என்பது உன் கணக்கு. மாசி முடிவதற்குள் அது நடந்தது. அன்று கட்டிலில் கிடந்தபடியே நீ சிரித்ததை, அந்த வார்டில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சென்னையிலிருந்த நம் மேலாளர் வீடியோவில் எல்லார் முன்னாலும் உன்னைப் பாராட்டினார். அடுத்த மாதமே, இவ்வளவு சீக்கிரம் முடிகிற வேலைக்கு இரண்டு பேர் எதற்கு என்று கேட்டார்கள். லீவு அதிகம் எடுத்தவள் நீ. உன் பெயரை எடுத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் உன் அம்மாவின் சிறுநீரகம் உனக்குப் பொருந்தும் என்று தெரிந்திருந்தது. அதைப் பொருத்தும் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் ஆபீஸ் இன்சூரன்ஸில் எழுதிப் போட்டிருந்தார்கள். ஆபரேஷன் முடியும் வரையாவது உன்னை வைத்திருங்கள், வேண்டுமானால் என்னை அனுப்புங்கள் என்று மேலாளருக்கு எழுதினேன். வருத்தமாக இருக்கிறது, முடிவு மேலிடத்தில் எடுத்தது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. மறுபடி எழுதப்போகிறேன் என்றதும் நீ தடுத்தாய்.

"வேணாம்டி. உன் பேரையும் எடுத்துருவாக. ஒருத்தி சம்பளமாவது இருக்கட்டும்."

கடைசி வாரமும் டேக் போட்டுக்கொண்டுதான் இருந்தாய். துரத்துகிறவர்களுக்கு எதற்கு இன்னும் உழைக்கிறாய் என்று கோபமாகக் கேட்டேன். "பாதியில விட்டா ஓட வேண்டியது ஓடாது. எந்த ஊர்லயோ எவுக வீட்லயோ நெட்டு நின்னு போகும். அவுக என்னடி செஞ்சாக நமக்கு?" என்றாய். டேக் இல்லாத சோதனை எந்த ஓட்டத்திலும் வராது, கெட்டாலும் வெளியே தெரியாது, அதைத் தேடித் தேடிப் பார் என்று சொல்லிக் கொடுத்தாய். நான் தலையாட்டினேன். திரையைப் பார்க்கவே இல்லை, உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்சூரன்ஸ் போனதும் அந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நின்றது. அரசாங்கத் திட்டத்தில் செய்யலாம் என்றார்கள். ஆனால் வேறு ஆஸ்பத்திரி, எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து, உனக்கும் அம்மாவுக்கும். அங்கே யாரும் உன்னை விரட்டவில்லை, அன்பாகத்தான் நடத்தினார்கள். வரிசைதான் நீளம். ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்று போனில் சொன்னாய். "மழை வருது, பஸ்ஸு நிக்குறதுக்குள்ள வீட்டுக்குப் போ, நாளைக்குப் பேசுறேன்" என்றாய். மறுநாள் உன் நம்பரிலிருந்து உன் தம்பிதான் பேசினான்.

உன் ஊருக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கண்மாயில் அப்போதுதான் தண்ணீர் வர ஆரம்பித்திருந்தது. உன் அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, சாப்பிட்டாயா என்று கேட்டார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, சேலைக்கு மேலாகத் தன் இடுப்போரம் வைத்து அழுத்திக்கொண்டார்.

"பொருந்துதுன்னு சொன்னாகளே தாயி. ரெண்டும் எனக்குள்ளயே கெடக்கு. இனி இத வச்சு நான் என்ன செய்ய?"

அவர் விடும் வரை கையை எடுக்காமல் இருந்தேன். இப்போதும் நீ போட்ட டேக்குகளின்படி சோதனைகள் தினமும் ஓடுகின்றன, ஓடி முடிந்ததும் திரை பச்சையாகிறது, எல்லாம் சரி என்று நான்தான் எழுதி அனுப்புகிறேன். எழுதும்போதெல்லாம் உன் அம்மாவின் இடுப்புச் சூடு என் உள்ளங்கையில் இருக்கிறது.