ஒரு பெயருக்கு மட்டும் இடமுள்ள கணக்கு

இல்லை, அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ போனில் கேட்டபோது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அதனால்தான் பேச்சை மாற்றினேன். கண்ணு, நாங்கள் நலம் என்று எழுதும் வரியை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். நீ நலமாக இருந்தால் சரி. டாக்டர் என்னைத் தனியாக நிறுத்திச் சொன்ன ஆறு மாதத்தில் ஒன்று போய்விட்டது. அப்பா இன்னும் வயிற்றுப்புண் என்றே நினைக்கிறார். காரத்தைக் குறைத்தால் ஆறிவிடுமாம்.

இதற்கு நடுவில் பங்குக் கணக்கு. ஓய்வுபெற்றபோது வந்து பேங்கில் கிடந்த பணத்தை எங்கே போடுவது என்று மூன்று மாதமாக ஆராய்ச்சி. முப்பது வருஷம் பஸ் டிப்போவில் நேர அட்டவணை போட்ட மனிதர் அல்லவா, அதே மாதிரி நோட்டில் கட்டம் போட்டு, எந்தத் தரகு நிறுவனத்தில் எவ்வளவு கமிஷன், டாலராக மாற்ற என்ன பிடித்தம், வெளிநாட்டுச் சந்தை திறப்பது நம் நேரத்துக்கு எத்தனை மணி, எல்லாம் சிவப்பு மையில். உள்ளூர்ப் பங்கு போதாதா என்றேன். "எல்லா பஸ்ஸையும் ஒரே ரோட்டுல விட்டா, ஒரு மரம் சாஞ்சா போதும்டி" என்றார். கடைத்தெருவில் இருக்கும் தரகு நிறுவனத்தில் இரண்டு பேர் பெயரிலும் கணக்கு வைக்கலாம், ஆனால் உள்ளூர்ப் பங்கு மட்டும்தான். அவருக்குப் பிடித்தது செல்போனிலேயே திறக்கும் இன்னொன்று. உள்ளூர், வெளிநாடு இரண்டும் ஒரே இடத்தில், கமிஷனும் குறைவு. ஆனால் ஒரு பெயர்தான்.

அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அந்தச் செல்போன் கணக்கு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் நல்ல பெண், எதையும் மறைக்கவில்லை. கணக்கு வச்சிருக்கிறவர் தவறிட்டா வெளிநாட்டுப் பங்கு அப்படியே நின்னுடும்மா, அந்த நாட்டுக் கோர்ட் பேப்பர் வரணும், ரெண்டு மூணு வருஷம்கூட ஆகும் என்றாள். யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்கவில்லை. அந்தப் பணத்தை விட்டால் எனக்குப் பிற்பாடு வேறு பிடிமானம் இல்லை, உனக்கே தெரியும். என் பெயரில் திறக்கலாம் என்றால் ஏன் என்பார். அதற்கு ஒரே பதில்தான் இருக்கிறது.

பொய் சொன்னேன். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்குப் புதுக் கணக்கு கிடையாதாம், என் பெயரில் போடுவோம் என்றேன். சிரித்தார். "அப்ப நான் இனி ஓடாதுன்னு கண்டம் பண்ணின வண்டியா? சரிங்க முதலாளியம்மா, உன் பேர்லயே போடு" என்றார். நோட்டை மூடி அலமாரி மேல் வைத்தார். பதினோரு நாள் ஆகிறது, தொடவில்லை. பேப்பரைப் பிரிப்பதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். எதை வாங்கட்டும் என்று கேட்டால் உன் இஷ்டம் என்கிறார். ஆறு மாதத்தில் நடக்க இருந்ததை நான் ஒரு வாக்கியத்தில் செய்துவிட்டேன்.

நீ லீவு போட்டு வருகிறேன் என்கிறாய். வராதே. வருஷக் கடைசியில்தான் வருவாய் என்று அவருக்குத் தெரியும், இப்போது உன்னை வாசலில் பார்த்தால் எல்லாம் புரிந்துவிடும். வராதே என்று எழுதுகிறேன், வராமல் எப்படி இருப்பாய் என்றும் நினைக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அழாதே, அவர் ஸ்பீக்கரில் போடச் சொல்வார். நூறு வருஷம் இரு என்று வாழ்த்தத்தான் வாய் வருகிறது, ஆனால் இப்போதெல்லாம் எந்த எண்ணையும் சொல்லப் பயம். நன்றாக இரு, அவ்வளவுதான்.

உன் அம்மா

உறையை ஒட்டுவதற்கு முன்: என் பெயரில் போட்ட விண்ணப்பத்தை இன்று காலை ரத்து செய்தேன். வயது வரம்பைத் தப்பாகப் படித்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். "முதல்ல உன் கண்ணாடிய மாத்து" என்று திட்டிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார், நோட்டை எடுக்கச் சொன்னார். அவர் பெயரில் புதிதாக நிரப்பினோம். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். எத்தனை வருஷத்துக்கு முதலீடு என்று ஒரு கேள்வி இருந்தது. பத்துக்கு மேல் என்றார். பத்துக்கு மேல் என்பதைத் தொட்டேன். அனுப்பிவிட்டேன்.