குதிரையை வேண்டாமென்று சொன்ன காரணம்

786

பேகம்பூர், திண்டுக்கல்
14.9.1998

அன்புள்ள மகன் ஜெகபர் அலிக்கு, உன் அம்மா நஜ்முன்னிசா துஆவோடு சொல்லும் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் அத்தாவும் நர்கீசும் உன் குட்டித் தம்பி தாவூதும் வயிறாரச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம், நீ அந்த வெயில் தேசத்தில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எனக்கு ஓயாத யோசனை. வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல நர்கீஸ் எழுதுகிறாள். இன்றைக்கு அவள் எழுதுவதற்குள் நான் தொண்டை வற்றிப் போவேன் போலிருக்கிறது, ஏனென்றால் எழுத வேண்டிய விஷயம் அப்படி. இப்போதே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

உன் கடிதம் கிடைத்தது. தம்பியின் சுன்னத் கல்யாணத்துக்கென்று லீவு வாங்கி வைத்திருந்தவனிடம், போன் பூத்திலிருந்து அத்தா "கல்யாணம் தள்ளிப் போச்சு, லீவை மாத்திக்க" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வைத்தால் கோபம் வராமல் என்ன செய்யும். அத்தா ஜமாஅத்தோடு சண்டை போட்டுக்கொண்டாரா, பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவதா, எதையோ மறைக்கிறீர்கள் என்று நீ எழுதியிருந்ததை நர்கீஸ் வாசித்தபோது அத்தா எழுந்து சைக்கிள் கடைக்குப் போய்விட்டார். சண்டை ஒன்றும் இல்லை மகனே. பிள்ளை விஷயம்தான், அது எப்படி முடியும் என்று தெரியாமல் உன்னிடம் என்னவென்று சொல்வது. இப்போது முடிந்துவிட்டது, நல்லபடியாக முடிந்துவிட்டது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்த வயசில் எனக்கு ஒரு பிள்ளையா என்று நான் வெளியே தலை காட்டாமல் கிடந்ததும், நீ போனில் சிரித்ததும் ஞாபகம் இருக்கும். தாவூது பிறந்த அன்று குளிப்பாட்டிய பெருமாயி அவனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "யக்கா, ஒம்மவனுக்குப் பாதி சுன்னத்து ஆயிருக்கு, இங்க பாரு" என்றாள். பார்த்தால் உண்மைதான். மற்றப் பிள்ளைகளுக்கு நுனியை மூடியிருக்கும் தோல் இவனுக்கு மேல்பக்கம் மட்டும் குல்லா போலக் கூடி நின்றது, அடிப்பக்கம் இல்லவே இல்லை. தெருவே கூடிவிட்டது. வானத்திலேயே மலக்குமார்கள் சுன்னத் செய்து அனுப்பிய பிள்ளை, யாருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம் என்று ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல உன் அத்தாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பேகம்பூர் முழுக்க மிட்டாய் கொடுத்தார். மலக்கு விட்ட மீதியை நாம் முடித்து வைப்போம், ஜெகபர் லீவில் வரும்போது குதிரை வைத்து ஊர்வலம் விடுவோம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

பிள்ளை கொழுகொழுவென்று வளர்ந்தான். ஒன்றே ஒன்றுதான், எப்போது ஒன்றுக்குப் போனாலும் முன்னால் போகாமல் தொடையெல்லாம் நனையும். மூன்று பிள்ளை பெற்றவள் நான், சின்னப்பிள்ளை என்றால் அப்படித்தான் என்று துணியை மாற்றி மாற்றிப் போட்டேன். அவன் சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கியபோதும் காலோடு வழிந்து குதிகாலில்தான் விழுந்தது. அவனைக் குளிப்பாட்டுவது நர்கீஸ்தான் என்பதால் அவள்தான் கண்டுபிடித்தாள். ஒருநாள் அடுப்படியில் வந்து என் பின்னால் நின்றாள். என்னடி என்றால், "தம்பிக்கு நுனியிலருந்து வரலம்மா. அடியிலருந்து வருது. நுனியில ஓட்டையே இல்லம்மா" என்றாள். எனக்கு வந்ததே கோபம், "பொம்பளப்புள்ளைக்கு அங்க என்னடி பார்வை, மலக்கு தொட்ட எடத்தைக் குத்தம் சொல்றியா" என்று கரண்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். இதை எழுதாமல் பேனாவை வைத்துவிட்டுச் சிரிக்கிறாள். எழுதுடி, உன் அண்ணனுக்குத் தெரியட்டும்.

சுன்னத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. பந்தலுக்குச் சொல்லி, சுன்னத் செய்யும் ஒஸ்தாவுக்குச் சொல்லி, குதிரைக்கார அழகரிடம் சொல்லி எல்லாம் தயார். அந்த வாரம் பிள்ளைக்குச் சளி பிடித்து மூக்கு ஒழுகியது, விருந்து நேரத்தில் காய்ச்சல் ஆகிவிடக் கூடாதே என்று டாக்டரம்மா அறிவுச்செல்வியிடம் தூக்கிப் போனோம். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு மருந்து எழுதிக்கொண்டிருந்தார். அப்போது பார்த்துக்கொள், பக்கத்து வீட்டுக்காரி பேர் கேட்டால்கூட என் முதுகுக்குப் பின்னால் ஒளிகிற உன் தங்கச்சி, "டாக்டர், தம்பியோட டவுசரைக் கழட்டிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. டாக்டரம்மா கழற்றிப் பார்த்தார், விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார், பிறகு "சுன்னத் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லம்மா, வருகிற வெள்ளிக்கிழமை என்றேன். "நல்ல நேரத்துல வந்தீங்க. கத்தியே படக்கூடாது. அந்தத் தோல்ல ஒரு நூல் அளவு வீணாக்கினாலும் பின்னால நாங்க தேடணும்" என்றார்.

வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார், ஹைப்போஸ்பேடியாஸ் என்று நர்கீஸ் எழுதி வைத்திருக்கிறாள். ஆண்பிள்ளை வயிற்றில் உருவாகும்போது மூத்திரம் போகும் பாதை முதலில் வாய்க்கால் மாதிரி திறந்து கிடக்குமாம், மூன்று நான்கு மாதத்துக்குள் இரண்டு கரையும் சேர்ந்து குழாயாக மூடிக்கொண்டு நுனி வரை போய்விடுமாம். சில பிள்ளைகளுக்கு மூடுவது பாதியில் நின்றுவிடும். அதனால் துவாரம் அடிப்பக்கம் நிற்கும், மேலே தோல் குல்லா கட்டும், கீழே வளையும். நாம் மலக்கு செய்தது என்று கொண்டாடியது அதைத்தான். இரண்டு விதையும் பையில் இறங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார், இறங்கியிருக்கிறது, அது நல்ல விஷயம், இல்லையென்றால் இன்னும் பல சோதனை பார்க்க வேண்டியிருக்கும் என்றார். அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். நேராக ஒன்றுக்குப் போக முடியாது, வளைவு அப்படியே இருந்தால் நாளைக்குக் கல்யாணம் ஆகி வாழ்வதும் பிள்ளை பெறுவதும் சிரமம் என்றார். நான் செய்த எதனால் இது வந்தது என்று அழுதேன். கிரகணத்தன்று அரிவாள்மனையில் வெங்காயம் நறுக்கினேனே, அதுவா, தலைவலி மாத்திரையா, கிழவிக்கு எதற்குப் பிள்ளை என்று ஊர் பேசியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கிரகணத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. சில குடும்பத்துல வழியா வரும், சில நேரம் ஹார்மோன் கோளாறு, வயசும் கொஞ்சம் காரணமா இருக்கலாம், நிறையப் பேருக்கு ஏன்னு எங்களுக்கே தெரியாது. நீங்க வெங்காயம் நறுக்கினதால இல்ல" என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா, மூத்த பையன் எப்படி என்று கேட்டபோது, அவன் நேராகத்தான் போவான், பக்கத்து வீட்டு முருங்கை மரமே அதில்தான் வளர்ந்தது என்று சொல்லிவிட்டேன். டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நர்கீஸ் இதை எழுத மாட்டேன் என்கிறாள், நான் விட மாட்டேன்.

வீட்டுக்கு வந்து அத்தாவிடம் சொன்னேன். சொன்னதும் முகம் கறுத்துவிட்டது. "மலக்கு செஞ்சதுன்னு ஊருக்கே மிட்டாய் குடுத்தவன்டி நான், இப்ப எம்புள்ளைக்குக் கொறைன்னு போயிச் சொல்லச் சொல்றியா? வெள்ளிக்கிழமை சுன்னத்து நடக்கும், அப்புறமா டாக்டரைப் பாக்கலாம்" என்றார். அப்புறமாகப் பார்க்கத் தோல் இருக்காதே என்று சொன்னால் காதிலேயே வாங்கவில்லை. நான் அழுதேன், அதற்கும் மசியவில்லை. அப்போது நர்கீஸ் என்ன செய்தாள் தெரியுமா, பிள்ளையைத் தூக்கி வந்து அத்தா மடியில் துணி இல்லாமல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் செத்த நேரத்தில் ஒன்றுக்குப் போனான். அத்தா முதல் தடவையாகக் குனிந்து பார்த்தார். அடியிலிருந்து ஒழுகி அவர் கைலியெல்லாம் நனைந்தது. பிறகு குளித்துவிட்டு நேரே பள்ளிவாசலுக்குப் போய் ஹஜ்ரத்திடம் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். பிள்ளை உடம்பு முதலில் நேராகட்டும், சுன்னத்துக்கு அவசரம் இல்லை என்று அவர் சொன்னாராம். அங்கிருந்து அழகரிடம் போய்க் குதிரை வேண்டாம் என்று சொன்னார். அழகர், "குதிரை எங்க பாய் ஓடிப்போகப் போகுது, அம்புட்டுச் சின்னப்பய ஏறுனா அதுக்கே கூச்சமா இருக்கும், வளந்து வரட்டும்" என்று அனுப்பி வைத்தார்.

மதுரையில் பிள்ளைகளுக்கு மட்டுமே ஆபரேஷன் செய்கிற ஸ்டான்லி டாக்டரிடம் டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். சின்ன வயதிலேயே செய்துவிட்டால் பிள்ளைக்கு ஞாபகமே இருக்காது, இதுதான் சரியான பருவம் என்றார் அவர். வளைவை நிமிர்த்தி, மேலே குல்லாவாக நிற்கும் தோலை எடுத்து உள்ளே குழாய் தைத்து, துவாரத்தை நுனிக்குக் கொண்டுவர வேண்டும், சில பிள்ளைகளுக்கு இடையில் கசிந்தால் இன்னொரு தையல் போட வேண்டியிருக்கும் என்று எதையும் மறைக்காமல் சொன்னார். மயக்கம் கொடுக்கப் பிள்ளையை வாங்கிக்கொண்டு போனபோது அத்தா தஸ்பீஹ் மணியை எடுத்து உட்கார்ந்தவர் கதவு திறக்கும் வரை நிமிரவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஆயக்குடிக்காரர் பொம்மையன், அவர் பிள்ளைக்கும் இதே ஆபரேஷன் முன்பே முடிந்திருந்தது. கொய்யாப்பழத்தை நறுக்கி அத்தா கையில் திணித்து, "ஏனுங்க பாய், நானும் இப்படித்தானுங்க வெளறிப்போய் உக்காந்திருந்தேன், சாப்புடுங்க" என்றார். இத்தனை பிள்ளைகளுக்கு இது இருக்கிறதா, நாம் மட்டும் இல்லையா என்று அத்தாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆபரேஷன் முடிந்து மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை வைத்துக் கட்டி வார்டுக்கு அனுப்பினார்கள், அதைப் பிள்ளை இழுக்கக் கூடாது என்று நர்ஸ் ரோசலின் கண்டிப்பாகச் சொன்னாள். உன் தம்பியின் கை சும்மா இருக்குமா. அத்தா பஸ் ஏறித் திண்டுக்கல் வந்து கனத்த பூட்டு ஒன்றைச் சாவியோடு எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தார். பிள்ளை பொழுதுக்கும் அதைத் திறக்கிறான் பூட்டுகிறான், குழாயை மறந்தே போனான். வார்டில் எல்லாப் பிள்ளைக்கும் பூட்டு வேண்டும் என்று ஒரே அழுகை.

குழாயை எடுத்த அன்று, அவன் தானாகப் போகட்டும், அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நன்னாரி சர்பத்தும் தண்ணீருமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம், பிள்ளை அசையவில்லை. நானும் நர்கீசும் பொம்மையன் வீட்டம்மாவும் ரோசலினும் சுற்றி நின்று உஸ் உஸ் என்கிறோம். உன் அத்தாவை உனக்குத் தெரியும், நின்றுகொண்டு போகிறவனைக் கண்டால் தெருவென்றும் பார்க்காமல் "ஏலே, உக்காந்து போடா" என்று சத்தம் போடுகிற மனுஷன். அவரே பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்து நிறுத்தி, "நின்னுக்கிட்டே போத்தா, என் ராசா, இன்னிக்கு ஒருநா நின்னுக்கிட்டே போ" என்று கெஞ்சுகிறார். போனான் மகனே. வில்லிலிருந்து விட்டது போல நேராக, அத்தாவின் வெள்ளைச் சட்டைப் பையில். ரோசலின் கை தட்டினாள். பொம்மையன் "அடேங்கப்பா" என்றார். அத்தா அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிச் சிரிக்கிறார், கண்ணிலிருந்து தண்ணீர் வடிகிறது, சட்டையைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. பிறகு குளித்துச் சட்டை மாற்றி நன்றி சொல்லி இரண்டு ரக்அத் ஷுக்ரு தொழுதார். சுன்னத்துக்கு எப்போது கூட்டி வரலாம் என்று டாக்டரிடம் கேட்டதற்கு, "தோலையெல்லாம் தைக்கிறதுக்கு எடுத்தாச்சு பாய், சுன்னத்தும் அதுலயே முடிஞ்சுது" என்றார். அத்தா என் பக்கம் சாய்ந்து காதில், "நான் ஊருக்குச் சொன்னது பொய்யில்லடி நஜ்மா. மலக்கு வந்துதான் பண்ணிருக்கு. கண்ணாடி போட்டிருக்கும், ஸ்டான்லின்னு பேர் வச்சிருக்கும்னு எனக்கென்ன தெரியும்" என்றார்.

இப்போது தையல் ஆறிக் கசிவு ஒன்றும் இல்லை, போன வாரம் டாக்டர் பார்த்துவிட்டார், வளர வளர வருஷத்துக்கு ஒருமுறை காட்டினால் போதுமாம். குதிரைக்கு மறுபடியும் சொல்லியாகிவிட்டது. நீ லீவு வாங்கி வரும் நாளில்தான் ஊர்வலம், அவனை நீதான் குதிரையில் தூக்கி வைக்க வேண்டும், நீ வரும் வரைக்கும் பந்தலுக்கு ஒரு குச்சிகூட ஊன்ற மாட்டேன் என்று அத்தா சொல்லிவிட்டார். வெயிலில் தலையில் துண்டு போட்டுக்கொள், மோர் கிடைத்தால் குடி, கோபம் வந்தால் கடிதத்தில் காட்டாதே, நர்கீஸ் வாசித்துவிட்டு மத்தியானம் சாப்பிடவே இல்லை.

முக்கியமான ஒன்று. உன் ரூமில் இருக்கும் வத்தலக்குண்டுப் பையனுக்கு மகன் பிறந்திருக்கிறான், பாதி சுன்னத்தோடு பிறந்த பிள்ளை என்று பேரீச்சம்பழம் பங்கு வைத்தான் என்று நீ எழுதியிருந்தாய். அதை வாசித்ததும்தான் இந்தக் கடிதத்தை இன்றே எழுதச் சொன்னேன். சில பிள்ளைக்கு ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், ஆனாலும் கத்தி படுவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டச் சொல். வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்துவிடாதே. உன் தங்கச்சியே சொன்னாள். நாளைக்கு உனக்கு நிக்காஹ் ஆகி ஆண்பிள்ளை பிறந்தாலும் முதல் வேலை அதுதான். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும், போன முகத்தோடு சிரித்துக்கொண்டு திரும்பி வர வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணி வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா நஜ்முன்னிசா

அண்ணனுக்கு நர்கீஸ் எழுதுவது, ஸலாம். முருங்கை மர விஷயத்தை நான் எழுதக் கூடாது என்றுதான் சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள். வத்தலக்குண்டு அண்ணனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். தாவூதுக்கு இப்போது குறி பார்க்கவும் தெரிந்துவிட்டது. நீங்கள் விட்டுப்போன வெள்ளை ஷூவை எடுத்து அவனுக்கு எட்டாமல் பீரோவுக்கு மேலே வைத்திருக்கிறேன். சீக்கிரம் வாருங்கள்.