ஓட்டை போட்ட பால் டின்

சுங்கை ரம்பாய்
17-8-1952

அன்பு மகன் பாலகிருஷ்ணனுக்கு அப்பா தங்கையா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உன் தங்கச்சி சுசீலாவும் சுகமாக இருக்கிறோம், சிங்கப்பூரில் நீயும் சுகம்தான் என்று உன் கையெழுத்தைப் பார்த்தே அம்மா சொல்லிவிட்டாள். அவளுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஊரடங்கை இன்னும் எடுக்கவில்லை, ஆறு மணிக்கெல்லாம் கடையைச் சாத்திவிடுகிறேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கிடங்குக்கு விளக்கு வேண்டும் என்று துரைமாரிடம் பன்னிரண்டு பக்கம் கணக்கு வாசித்தும் ஒருவரும் காதில் வாங்கவில்லை, ஒருவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறாய். வருகிற வெள்ளிக்கிழமை இன்னொரு தரம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், இந்தத் தடவை கிடங்கு வீரமுத்து அண்ணன் கதையைச் சொல்லப் போகிறேன், பார்வை மங்கியதை யாருக்கும் காட்டாமல் மூட்டைத் தையலைத் தடவிப் பார்த்தே அரிசி எது சீனி எது என்று பிரித்து வைக்கிறார், அதைக் கேட்டால் மறக்கவே மாட்டார்கள் என்கிறாய். உண்மைதான், மறக்க மாட்டார்கள். அதனால்தான் உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

போன வருஷக் கடைசியில் நாங்கள் கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து உணவுக் கட்டுப்பாட்டு அதிகாரியைப் பார்க்கப் போனோம். காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்று, பால் டின்னை விற்கும்போதே ஆணியால் ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. ஓட்டை போட்ட பால் இந்த வெயிலில் எத்தனை நாள் தாங்கும், தோட்டத்தில் லயத்து வீடுகளில் இருக்கும் கைக்குழந்தைகள் பாடு திண்டாட்டம். பேசுவதற்கு என்னை முன்னால் தள்ளினார்கள். நானும் உன்னைப் போலத்தான், மாதம் எத்தனை டின் எத்தனை குழந்தை என்று தாளைப் பார்த்து வாசித்தேன். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, ஐயா ஒரே ஒரு டின்னைப் பற்றிச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். திங்கட்கிழமை காலையில் நான் ஓட்டை போட்டுக் கொடுத்தேன், மத்தியானமே எறும்பு, புதன்கிழமை வாடை, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, அடுத்த டின்னுக்கு அந்தத் தாய் வேறு வழியில்லாமல் தோட்டத்திலிருந்து துளி ரப்பர் பாலைக் கொண்டுவந்து ஓட்டையை அடைத்து வைத்தாள் என்றேன். மொழிபெயர்த்தவர் சொல்லி முடிப்பதற்குள் அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார், பேனாவும் திறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் ஆட்கள் பேச்சு உனக்குத் தெரியாததா, யாரைப் பற்றிச் சொன்னாலும் எந்த லயம், யார் சம்சாரம் என்று சொல்லாமல் வாய் நகராது. மூன்றாவது லயம், சுப்பன் சம்சாரம் முத்தாயி என்று நானே என் வாயால் சொன்னேன்.

ஓட்டையை அடைப்பது குற்றம் என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. நாலாம் நாள் போலீஸ்காரர்கள் அவள் வீட்டில் சோதனை போட்டார்கள், டின் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. யாருக்குக் கொடுக்க அடைத்தாய் என்று கேட்டு ஒன்பது நாள் உள்ளே வைத்திருந்தார்கள். பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரி வைத்துக்கொண்டு கஞ்சித் தண்ணீர் கொடுத்தாள். அந்த டின் என் கடையில் வாங்கியது, பிள்ளைக்குத்தான் என்று நான் போய் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விட்டார்கள். வெளியே வந்தவள், பிள்ளைக்கு வயித்தால போவுதேன்னு மருந்து கேக்கத்தான் மாமா உங்ககிட்ட சொன்னேன், ஆபீஸ்ல போய்ச் சொல்லச் சொல்லலியே என்றாள்.

கதைக்குப் பலன் இல்லாமல் போகவில்லை, அதையும் ஒளிக்க மாட்டேன். நர்ஸ் சீட்டு இருந்தால் கைக்குழந்தைக்கு முழு டின் கொடுக்கலாம் என்று இரண்டு மாதத்தில் அனுமதி வந்தது. போன மாதம் மலாக்காவில் அந்த அதிகாரியைப் பார்த்தேன், என் பேர் ஞாபகமில்லை, நான் வாசித்த கணக்கு ஒன்றும் ஞாபகமில்லை, ரப்பர் வைத்து டின்னை அடைத்த பெண் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்டார்.

ஆகையால் பாலா, நீ கதை சொல்லு, வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் வீரமுத்து பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணே இதைச் சொல்லட்டுமா, எதுவரைக்கும் சொல்லட்டும் என்று கேள். கண் தெரியாதவர் என்று துரைமாருக்குத் தெரிந்தால் கிடங்குக்கு விளக்கு வரும், அதன் கீழே நிற்பது வேறு ஆளாக இருக்கும். அவர் வேண்டாம் என்றால் அந்த இருட்டில் நீ தடுக்கி விழுந்து பல் உடைத்துக்கொண்டாயே, அதைச் சொல்லு. அதுவும் கூச்சமாக இருந்தால் பன்னிரண்டு பக்கத்தையும் மறுபடி வாசி, கொட்டாவி விடுகிறவர்கள் விடட்டும். கேட்காமல் சொன்னாய் என்று தெரிந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, சுசீலாவுக்குத் தனியாக இரண்டு வரி எழுது. முருகன் உன்னை நல்ல புத்தியோடும் நல்ல பேரோடும் நீண்ட ஆயுசோடும் வைத்திருக்கட்டும். வீரமுத்து என்ன சொன்னார் என்பதை வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எழுதிப் போடு, மறந்துவிடாதே. முத்தாயிக்கு அந்தச் சீட்டு கிடைக்கவில்லை, போலீஸில் பேர் ஏறிவிட்டது என்று மறுத்துவிட்டார்கள். இப்போது நம் கடையிலிருந்து பதினாலு வீட்டுக்கு முழு டின் போகிறது. அவள் டின்னுக்கு மட்டும் இன்றைக்கும் நான்தான் ஆணி அடித்துக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உன் நன்மையையே நினைத்திருக்கும் அப்பா,
மு. தங்கையா