நாலாவது தோள்

ஜூன் 3, திங்கள்

அப்பாவின் இடுப்பைக் கெடுத்தது வண்டிகள் இல்லை. அவருடைய கூட்டாளிகள்.

காலையில் அவர் செருப்பு மாட்டும்போது பார்த்தேன். வலது காலைக் கையால் தூக்கித்தான் செருப்புக்குள் நுழைக்கிறார். நான் பார்ப்பது தெரிந்ததும், "மரத்துப் போச்சு, வேற ஒண்ணுமில்ல" என்றார். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மரத்துப் போகும். நின்றுகொண்டிருக்கிற மனிதனுக்கு எப்படி?

நேற்று ஞாயிறு, அதாவது என்ஜின் நாள். பஸ் கம்பெனிப் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் தெரிந்தவர்களின் கார்களைப் பழுது பார்க்கிறார் அப்பா. அறுபத்து மூன்று வயது. துணைக்கு அதே பட்டறை ஆட்கள் இரண்டு பேர்: பெயின்டர் மாமா, ஒல்லி மாமா. ஒல்லி என்பது எப்போதோ வைத்த பெயர். இப்போது அவர் வயிற்றுக்குத் தனி நாற்காலி போட வேண்டும்.

காரிலிருந்து என்ஜினை இவர்கள் வெளியே எடுக்கும் அழகு இது: போல்ட்டுகளைக் கழற்றியதும் என்ஜினைச் சங்கிலியால் கட்டி, சங்கிலிக்குள் ஒரு நீள இரும்புக் குழாயை நுழைத்து, குழாயின் இரண்டு முனைகளையும் தோளில் வைத்துத் தூக்குவார்கள். அப்படியே நடந்து மேஜையில் கொண்டுபோய் வைப்பார்கள். ஒரு முனையில் மாமாக்கள் இரண்டு பேர். மறுமுனையில் அப்பா தனியாக. அவர் பக்கத்தில் முன்பு இன்னொருவர் இருந்தார், ஒரு வெல்டர். அவர் வராமல் நின்றபின் அந்த இடம் காலி. சங்கிலியைக் கொஞ்சம் மாமாக்கள் பக்கம் தள்ளிக் கட்டுகிறார்கள். அவ்வளவுதான் அப்பாவுக்குக் காட்டும் கருணை.

இதில் ஒரு விளையாட்டு வேறு. மேஜைக்குப் போய்ச் சேருமுன் "இறக்கு" என்று யார் முதலில் சொல்கிறாரோ, அவர் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். அடுத்த ஆள் சொல்லும்வரை அவருக்குப் பெயர் பஞ்சு. சொல்லிவிட்டால் எல்லோரும் உடனே இறக்கியாக வேண்டும், அதில் மட்டும் பேச்சு மாற மாட்டார்கள். ஆனால் வெல்டருக்குப் பிறகு ஒருவரும் சொன்னதில்லை. நேற்றும் சொல்லவில்லை. அப்பா முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது, சிரித்துக்கொண்டே நடந்தார்.

ஒரு டீ. அதற்கு ஒரு கால்.

ஜூன் 5, புதன்

நான் வேலை பார்க்கும் கிடங்கில் சரக்கு லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. அதன் கதவைக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்துச் சுவரில், முழங்காலை மடக்கிப் பெட்டி தூக்கும் ஒருவனின் படம். "அதிக எடையைத் தனியாகத் தூக்காதீர்கள்." படத்திலிருப்பவன் தூக்குவது அட்டைப்பெட்டி. நாங்கள் தூக்குவது ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின். படிக்கட்டு வழியாக, மாடிக்கு.

"ரெண்டு ரெண்டு பேரா தூக்குங்க. சின்ன வயசுதானே" என்கிறார் சூப்பர்வைசர். அவருக்கும் என் வயதுதான். நானும் நெட்டையும் ஒரு ஜோடி. அவள் உயரம் என்பதால் கீழ்ப்படியில் நிற்பாள், பாரம் முழுக்க அவள் மேல் சாயும்.

ஒன்றும் பேசவில்லை நான். எனக்குக் கோபம் வீட்டில்தான் வருகிறது. இங்கே "சரி சார்".

ஜூன் 6, வியாழன்

அம்மாவும் நானும் அப்பாவை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனோம். டாக்டர் முழங்காலில் தட்டினார். இடது கால் துள்ளியது. வலது கால் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. முதுகெலும்புத் தட்டு நரம்பை அழுத்துகிறதாம்.

"இனிமே கனம் தூக்கினா அந்தக் கால் திரும்பி வராமயே போயிடலாம். புரியுதா?"

"புரியுதுங்க டாக்டர்."

படி இறங்கியதும் அப்பா சொன்னது: "ஞாயித்துக்கிழமை டாக்ஸிக்காரர் வண்டி இருக்கு. டீசல் என்ஜின்."

"வண்டி நின்னா கட்டி இழுக்க நாலு பேர் வருவாங்க" என்றாள் அம்மா. "நீங்க நின்னா நான்தான் இழுக்கணும். யோசிச்சுக்குங்க."

அப்பா சிரித்தார். எதற்கெடுத்தாலும் இந்தச் சிரிப்பு. எரிச்சலாக வருது.

ஜூன் 7, வெள்ளி

"கால் எப்படிப்பா இருக்கு?"

"காலுக்கென்ன."

ஜூன் 8, சனி

வெல்டர் வீட்டுக்குப் போனேன். இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார், ஆனால் வருடக்கணக்கில் எங்கள் வாசலை மிதித்ததில்லை. அப்பாவைவிட மூன்று வயது மூத்தவர். தனியாளாக ஒரு வேனின் என்ஜினை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

பழைய குழாய்களை வெட்டி ஒட்டி அவரே செய்த கிரேன். தரையோடு நீளும் இரண்டு கால்கள், அடியில் சக்கரங்கள், மேலே ஒரு கை, கையின் நுனியில் கொக்கி. லாரி ஜாக்கியின் பிடியை அவர் மெதுவாக அடிக்க அடிக்க, கை உயர்ந்தது, என்ஜின் எழும்பியது. அவர் வியர்க்கக்கூட இல்லை.

"தூக்குறது பெரிய விஷயம் இல்லம்மா. தூக்கினத உசரத்துலயே வச்சு உருட்டக் கூடாது. நகர்த்தணும்னா முதல்ல தாழ்த்து. அப்புறம், அது அடில கையோ காலோ விடாத. அவ்வளவுதான்."

ஏன் வருவதில்லை என்று கேட்டேன். கைத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கடைசியா தூக்கினப்ப நெஞ்சு அடைச்சுது. இறக்குன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து படுத்தவன் ரெண்டு நாள் எழுந்திருக்கல."

"ஒரு டீக்காகவா மாமா இப்படி?"

"டீ இப்ப வந்ததும்மா. பட்டறைல அது ஃபோர்மேன் வச்ச சட்டம். அங்க ஒரு கிரேன் இருந்துச்சு. அத உருட்டிட்டு வர்ற நேரத்துல தோள்ல தூக்கிடலாம்பான். எவன் முதல்ல இறக்குன்னு சொல்றானோ அவனுக்கு மறுநாள் கழிவு எண்ணெய்க் குழி. உள்ள இறங்கிக் கழுவணும். அதுக்குப் பயந்து எல்லாரும் பல்லக் கடிச்சோம். பயந்தத வெளிய காட்டிக்க முடியுமா? அதான் சிரிப்பு. இப்ப ஃபோர்மேன் இல்ல, குழி இல்ல. பழக்கம் மட்டும் அப்படியே இருக்கு."

திரும்பி வரும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பட்டறை அவர்களை வீட்டுக்கு அனுப்பியபோது ஃபோர்மேனையும் கூடவே அனுப்பிவிட்டதா? எங்கள் கொட்டகையில், எங்கள் தகரத்துக்குக் கீழே, சம்பளமே வாங்காமல் அவன் நின்றுகொண்டிருக்கிறான். எங்க அப்பா அவனுக்கு டீ போட்டுக் குடுத்துட்டு இருக்காரு.

கிளம்புமுன் கிரேனைக் கேட்டிருந்தேன். "எடுத்துட்டுப் போ. ஆனா அவனுங்க தொட மாட்டானுங்க" என்றார்.

ஜூன் 9, ஞாயிறு

தொடவில்லை.

காலையில் நானும் நெட்டையும் கிரேனைத் தெருவில் உருட்டிக்கொண்டு வந்தோம். பெயின்டர் மாமா அதைச் சுற்றி வந்து பார்த்தார். "நடைவண்டி நல்லா இருக்கே. யாருக்கு? நம்ம அண்ணன் இப்பதான் எழுந்து நிக்கப் பழகுறாரா?" ஒல்லி மாமாவுக்கு வயிறு குலுங்கியது. அப்பா சட்டையைக் கழற்றி அதன் கொக்கியில் மாட்டினார். அதற்குத்தான் ஆயிற்று அந்தக் கிரேன்.

டாக்டர் சொன்னதை மாமாக்களிடம் சொன்னேன். அப்பா சொல்லியிருக்கவே இல்லை. ஒல்லி மாமா முகம் மாறியது. "அப்படியாண்ணே?" என்றார். அப்பா, "டாக்டர்னா அப்படித்தான் சொல்லுவாங்க. பிடி" என்றார். பிடித்தார். கேள்வி கேட்டவரே பிடித்தார்.

தூக்கினார்கள். டீசல் என்ஜின், பெரிது. குழாய் வளைந்தது. என்ஜின் காரின் விளிம்புக்கு மேல் வந்தபோது அப்பாவின் வலது கால் ஆட ஆரம்பித்தது. நடுக்கமாகக்கூடத் தெரியவில்லை, காற்றில் துணி ஆடுகிற மாதிரி. அவர் குனிந்து பார்க்கவில்லை. அவருக்கே அது தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"இறக்குங்க" என்று கத்தினேன்.

"தூக்காதவங்க சொன்னா செல்லாது" என்றார் பெயின்டர் மாமா. பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு. அவருக்கும் முடியவில்லை. ஒல்லி மாமாவுக்கும் முடியவில்லை. மூன்று பேரும் மற்ற இரண்டு பேரில் ஒருவர் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். அந்த மூன்று முகங்களையும் நான் மறக்க மாட்டேன்.

அப்பாவுக்குப் பின்னால் போய்க் குனிந்து குழாய்க்கு அடியில் தோளைக் கொடுத்தேன். நாலாவது இடத்தில். இவ்வளவு கனமா. இதையா இத்தனை நாள்.

"இப்ப நானும்தான் தூக்குறேன். இறக்கு."

பெயின்டர் மாமா அப்பாவைப் பார்த்தார். பிறகு எல்லோருடைய முழங்காலும் ஒன்றாக மடங்கியது. என்ஜின் எழுந்த வழியிலேயே திரும்பி உள்ளே போய் உட்கார்ந்தது. அப்பா காரைப் பிடித்துக்கொண்டு டயர் வரை போய் அதன்மேல் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"பஞ்சுப் பட்டம் கை மாறிடுச்சு" என்றார் பெயின்டர் மாமா. யாரும் சிரிக்கவில்லை.

போய் டீ வாங்கி வந்தேன். சட்டம் என்றால் சட்டம். ஆறும்வரை யாரும் எடுக்கவில்லை.

ஜூன் 10, திங்கள்

தோளில் கருநீலமாக ஒரு கோடு. பட்டன் போட முடியவில்லை. ஒரு நிமிஷம்கூடத் தூக்கவில்லை நான்.

ஜூன் 12, புதன்

அப்பா பேசுவதில்லை. ஆட்கள் முன்னால் அவரை நான் கேவலப்படுத்திவிட்டேனாம், அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அவள் சொன்ன பதிலை எனக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்: "கேவலப்பட்டாலும் ரெண்டு கால்ல நின்னுதானே கேவலப்பட்டீங்க."

நான் செய்தது சரிதான். பின்னே ஏன் தூக்கம் வரவில்லை? ஒருவேளை அவருக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதானோ? இல்லை. அப்படியெல்லாம் யோசித்துத்தான் இவர்களை இந்த நிலையில் விட்டோம்.

ஜூன் 14, வெள்ளி

கொக்கியில் அப்பாவின் சட்டை இல்லை. கிரேனின் சக்கரங்களுக்கு யாரோ கிரீஸ் வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 16, ஞாயிறு

வெல்டர் வந்தார். யார் கூப்பிட்டார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. பெயின்டர் மாமா, "வா பஞ்சு..." என்று ஆரம்பித்து என்னைப் பார்த்தார். "இப்ப உன்ன என்னன்னு கூப்பிடுறது?"

"பட்டறைல கூப்பிட்ட மாதிரி வெல்டருன்னே கூப்பிடு. காசா பணமா?"

அப்பா ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஜாக்கிப் பிடியை அடித்தார். டாக்ஸி என்ஜின் எழும்பியது. விளிம்பைத் தாண்டியதும் ஒல்லி மாமாவும் வெல்டரும் காரைப் பின்னால் தள்ளினார்கள். அப்பா ஜாக்கியின் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தி என்ஜினை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தினார், பிறகுதான் உருட்டவிட்டார். ஒல்லி மாமா சங்கிலியைச் சரிசெய்யக் கையை உள்ளே நீட்டியபோது, "கைய எடுடா" என்று போட்டார் ஒரு அதட்டல். வேலை முடிந்ததும் பெயின்டர் மாமா, "இதுல என்ன த்ரில் இருக்கு" என்று முணுமுணுத்தார். ஆனால் எழுந்து நேராக நடந்து போனார். போன மாதமெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போன ஆள்.

எனக்கும் ஒரு டீ வைத்திருந்தார்கள். அப்பாதான் நீட்டினார். "இந்தா பஞ்சு" என்றார்.

ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. கால் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. வியாழக்கிழமை டாக்டரிடம் வருவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 18, செவ்வாய்

இன்று இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ். படிக்கட்டின் பாதியில் நெட்டையின் முகத்தைப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்திருந்தது, உதடு சிரித்துக்கொண்டிருந்தது. கீழே சூப்பர்வைசர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அது எங்க வீட்டுச் சிரிப்பு.

"இறக்கு" என்றேன்.

அவள் யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு இறக்கினாள். படித் திருப்பத்தின் மேடையில் ஃபிரிட்ஜைச் சாய்த்து நிறுத்தினோம்.

"யார் நிறுத்தச் சொன்னது?"

"நான்தான் சார்."

"ஏன், முடியலயா?"

"முடியல சார். லிஃப்ட் எப்ப சரி பண்ணுவீங்க?"

"மொதல்ல மேல கொண்டு போங்க. அப்புறம் பேசலாம்."

"இல்ல சார். லிஃப்ட் எப்ப சரி பண்ணுவீங்கன்னு சொல்லுங்க."

அவர் அடிக்காத போனை எடுத்துப் பார்த்தார். நெட்டை படியில் உட்கார்ந்து கையை உதறிக்கொண்டாள். எங்களுக்குக் கீழே வரிசையில் யாரோ ஒரு பெட்டியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"எப்ப சார்?"