பெரிய லிஃப்ட்

மார்ச் 3, திங்கள்
வேலையாட்கள் லிஃப்ட் கெட்டு இன்றோடு பதினெட்டு நாள். பதினொரு மாடியும் படிதான். ஏழாவதில் உட்கார்ந்து முட்டியைத் திட்டினேன். பெரிய லிஃப்ட் சும்மா நிற்கிறது. மேலே பலகை: ‘வேலையாட்கள் ஏறக் கூடாது.’ அஞ்சாவது வரை படித்தது இதை வாசிக்கத்தான் உதவுகிறது. வீட்டம்மாவிடம் கேட்கலாம். கெஞ்சிப் பழக்கமில்லையே எனக்கு. வேலையை விடலாமா? பேத்தி பத்தாவது முடிக்கணும்.

மார்ச் 5
பேத்தி சரித்திரப் பாடம் படித்தாள். தூர தேசம் ஒன்றில் கறுப்பு ஜனங்களுக்குப் பஸ்ஸில் பின்னாடிதான் இடமாம். பஸ்ஸே வேண்டாமென்று ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தார்களாம். கை ஓங்காமல் எதிர்க்கும் வழியை நம்ம தேசத்தாரிடம் கற்றார்களாம். இவர்களைப் பார்த்துக் கடல் தாண்டி வேறொரு ஊரில், கறுப்பர்களுக்குப் பஸ் வேலை தராததற்கும் அப்படியே செய்தார்களாம். அளவுச் சட்டை கொடுத்துத் தைக்கிற மாதிரி.

இதற்குப் பேர் ‘புறக்கணிப்பு’. பெரிய ற. எழுதிப் பார்த்தேன்.

“நாங்களும் படி ஏறுறோமே, அது புறக்கணிப்பா?” என்றேன்.

“இல்ல பாட்டி. அவங்களுக்குப் பஸ் இருந்தது, ஏறல. உங்கள ஏறவே விடலியே.”

சுருக்கென்றது.

மார்ச் 6
முட்டி வீக்கம்.

மார்ச் 7
அப்படியென்றால் சட்டையைத் திருப்பித் தைக்கணும். அவர்கள் ஏறாமல் காட்டினார்கள். நாங்கள் ஏறித்தான் காட்டணும். ஒன்பதாம் மாடி ஆயாவிடமும் துணி தேய்ப்பவளிடமும் சொன்னேன். “வலி உனக்கு முட்டியிலயா, மூளையிலயாக்கா?” என்றாள் தேய்ப்பவள். ஆனால் திங்கட்கிழமை வருகிறாளாம்.

மார்ச் 10
மூன்று பேரும் ஏறினோம். காவலாளி இறங்கச் சொல்லிக் கும்பிட்டான். பாவம், அவனும் ஏறக் கூடாதவன்தான். ஆறாவது தாண்டியதும் லிஃப்ட் நின்றது. யாரோ கரண்டை நிறுத்திவிட்டார்கள். கும்மிருட்டு. ஆயா அழுதாள். நான்தானே கூட்டிட்டு வந்தேன் — இவ வேலையும் போச்சுன்னா? பேத்தி படிப்பு? எல்லாம் என் திமிரு...

தரையில் உட்கார்ந்தோம்.

குடியிருப்புச் செயலாளர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, “இனிமே ஏற மாட்டோம்னு சொல்லுங்க, திறக்கிறோம்” என்றார்.

தேய்ப்பவள் என் கையைப் பிடித்தாள்.

“பலகையைக் கழட்டுங்க சார். நாங்க உட்கார்ந்துதான் இருக்கோம்.” என் குரலா அது?

ரெண்டு மணி நேரம். அப்புறம் படியில் செருப்புச் சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம். வீட்டுக்காரர்கள் ஏறுகிறார்கள்! இருட்டில் ஆயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கரண்டு வந்தது. லிஃப்ட் எங்களைக் கீழேதான் கொண்டு விட்டது.

மார்ச் 11
இனி வர வேண்டாமென்று வீட்டம்மா சொல்லியனுப்பினார்.

ஏப்ரல் 2
வேறு கட்டடத்தில் இரண்டாம் மாடி வேலை. பழைய கட்டடத்தில் பலகை இருந்த இடத்தில் இப்போது நாலு ஆணி ஓட்டைதானாம். தேய்ப்பவள் மூட்டையோடு பெரிய லிஃப்டில் போகிறாளாம். நான் ஒரு தடவையாவது பதினொன்றுக்கு அதில் போயிருக்கலாம்.

சாயங்காலம் முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்கள் வேலை செய்கிற கட்டடத்தில் வேலையாட்களுக்குக் கழிப்பறை கிடையாதாம். “லிஃப்ட்ல உட்கார்ந்தவங்க நீங்கதானாம்மா?”

நாற்காலியை இழுத்துப் போட்டேன். “எங்களோடது உங்களுக்கு அப்படியே சேராது,” என்றேன். “அளவுச் சட்டையா வெச்சுக்கங்க.”